தோம்பில் ஒட்டியிருந்த காகிதம்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் எங்களுக்குத் தொழில்நுட்ப எழுத்து என்றொரு பாடம் இருந்தது. பொறியியல் மாணவர்கள் அனைவரும் எடுத்தே ஆக வேண்டும். வெப்ப இயக்கவியல், திரவ இயக்கவியல் என்று மண்டையை உடைக்கும் பாடங்களுக்கு நடுவே, அறிக்கை எழுதுவது எப்படி, மின்னஞ்சல் எழுதுவது எப்படி என்று ஒருவர் வந்து சொல்லிக்கொடுப்பதை நாங்கள் ஓய்வு நேரமாகத்தான் எடுத்துக்கொண்டோம். பின்வரிசையில் உட்கார்ந்து அடுத்த வகுப்பின் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் அறிக்கை திரும்பி வந்தபோது அதில் மதிப்பெண் இல்லை. சிவப்பு மையில் ஒரே கேள்வி ஏழெட்டு இடத்தில் எழுதியிருந்தது: 'யார்?'

ஆய்வுக்கூடத்தில் ஒரு நீர்ப்பம்பைச் சோதித்த அறிக்கை அது. ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: பம்பில் கசிவு இருப்பது கவனிக்கப்பட்டது. வால்வு இறுக்கப்பட்டது. அளவீடு மீண்டும் எடுக்கப்பட்டது. எல்லா 'பட்டது'க்கும் மேலே ஒரு 'யார்?'

நான் விரிவுரையாளரிடம் போய் வாதாடினேன். "புவான், பாடப்புத்தகத்துல எல்லாம் இப்படித்தானே இருக்கு?" அவர் சிரித்தார். "ஆய்விதழுக்கு அது சரி. இது ஒரு பம்பு. நாளைக்கு அந்த வால்வு திறந்துகிட்டா நான் யாரைக் கேக்கறது? யார் கையால இறுக்குனாங்க, எவ்வளவு இறுக்குனாங்க? உன் அறிக்கையில ஆளே இல்லையே."

எனக்குப் பதில் இல்லை. உண்மையில் நான் அப்படி எழுதியதற்குப் பாடப்புத்தகம் காரணமில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பிலிருந்து தட்டுத் தடுமாறி வந்தவன் நான். ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கினால் அடுத்து வரும் தவறுகள் எல்லாம் என் தலையில் விழும் என்று ஒரு பயம். செயப்பாட்டுவினை எனக்கு ஒரு போர்வை. அதற்குள் புகுந்துகொண்டால் வேலை நடந்திருக்கும், செய்தவன் இருக்கமாட்டான்.

*

அந்தப் பாடத்தில் எனக்கு இன்றும் மறக்காதது ஒரு விபத்தின் கதை. 1979 மார்ச் 28 விடியற்காலை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்து மூடாமல் சிக்கிக்கொண்டது. அதன் வழியே உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் ஓர் அளவி நீர்மட்டம் ஏறுவதாகக் காட்டியது. நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்த இயக்குநர்கள், தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசர நீர்ப்பாய்ச்சலைக் குறைத்தார்கள். உலையின் மையம் ஏறக்குறைய பாதி உருகியது.

இது எதிர்பாராத விபத்து என்றுதான் நாங்கள் நினைத்தோம். புவான் அடுத்த தாளைக் காட்டினார். அதற்கு 18 மாதங்களுக்கு முன், 1977 செப்டம்பரில், ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் இதே வகை வால்வு இதே மாதிரி சிக்கியது. அங்கிருந்த இயக்குநர்களும் நீர்ப்பாய்ச்சலை நிறுத்தினார்கள். உலை அப்போது மிகக் குறைந்த சக்தியில் ஓடியதால் தப்பித்தார்கள். உலையைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் சிலருக்கு ஆபத்து புரிந்தது. 1977 நவம்பரில் கெல்லி என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். 1978 பிப்ரவரியில் பெர்ட் டன் என்பவர் இன்னும் கடுமையாக எழுதினார். உலை முழுச் சக்தியில் ஓடும்போது இது நடந்தால் எரிபொருள் சிதையக்கூடும் என்று சொன்னார்.

அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்தக் குறிப்புகள் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போயின. ஒருவர் சந்தேகம் கேட்டார், அதற்குப் பதில் வரவில்லை. கெல்லியின் குறிப்பு எச்சரிக்கையாக இல்லாமல், மற்றவர்களின் கருத்தைக் கேட்பதாக முடிந்திருந்தது. அலுவலகத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தாள் சுற்றியது. வால்வின் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதனின் கைக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

"உண்மையைக் கண்டுபிடிச்சா மட்டும் பத்தாது," என்றார் புவான். "கடைசியில கை வைக்கிற ஆள் யாரு? அவருக்குப் போச்சா? அதுதான் இந்தப் பாடம்." அந்த வாரத்திலிருந்து நான் முன்வரிசைக்கு மாறினேன்.

*

செமஸ்டர் விடுமுறைக்கு பீடோங்குக்கு வந்திருந்தேன். பாட்டி ஐந்தடியில் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா படிக்கிற இப்ப?"

"எழுதுறதுக்கு ஒரு பாடம் பாட்டி."

"எழுதத் தெரியாமலா யுனிவர்சிட்டிக்குப் போன?"

சிரித்துவிட்டு, மெஷினைப் பற்றி எழுதுவது, ஆபத்தைப் பற்றி எழுதி ஒட்டுவது என்று விளக்கினேன். அவர் வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நாங்க மருந்தடிச்சப்பகூட அந்த மாதிரி ஒரு காயிதம் இருந்துச்சு. தோம்புல ஒட்டியிருக்கும்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? தோம்பு ஸ்டோர்ல இருக்கும். நாங்க காட்டுல இருப்போம்."

பாட்டி பால்மரம் வெட்டியவர். பிறகு வெளிக்காட்டு வேலைக்கு மாறி, பல வருடம் களைக்கு மருந்தடித்தார். விடியற்காலை பிரட்டு முடிந்ததும் மண்டோர் ஸ்டோரிலிருந்து வாளியில் மருந்தை ஊற்றிக் கொண்டுவருவார். ஒரு மங்கு மருந்து, ஒரு பம்பு தண்ணீர், அவ்வளவுதான் கணக்கு. பால் சேர்க்கும் அதே மங்குதான். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, புடவைக்கு மேல் தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிரை பிடித்துப் போக வேண்டும். பம்பு கசியும். முதுகு நனையும்.

"முதுகு வெந்து தோலு உரியும். நகம் கழண்டு விழுந்திருக்கு எனக்கு. மருந்து சூடுய்யா. அதனால எளநீ குடிப்போம். மோரு குடிப்போம்."

"அந்தக் கணக்கை யார் பாட்டி சொன்னது? ஒரு மங்குன்னு?"

"சொன்னாங்க."

"அதான், யாரு?"

"மேல சொன்னாங்கய்யா."

எனக்குச் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. என் ஆங்கில அறிக்கையில் 'பட்டது' செய்த வேலையைப் பாட்டியின் பேச்சில் 'சொன்னாங்க' செய்கிறது. மரியாதைக்கு வந்த விகுதி ஆளை மறைத்துவிடுகிறது. தோட்டத்தில் எல்லாமே 'சொன்னாங்க'தான். வெட்டச் சொன்னாங்க, அடிக்கச் சொன்னாங்க, வேற டிவிஷனுக்குப் போகச் சொன்னாங்க. யார் என்று கேட்டால் ஒரு விரல் மேலே காட்டும். அங்கே போனாலும் இன்னொரு விரல்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். நாள்காட்டியில் ராகுகாலம் பார்ப்பார். பத்திரிகையில் மரண அறிவித்தல்களை எழுத்துக்கூட்டி வாசிப்பார். தோட்ட மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால்தான் இப்படி நடந்தது என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாட்டிக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்க வேண்டியது அவர் இருந்த இடத்துக்கு வரவில்லை.

*

அந்த விடுமுறையில் என்னைத் தொந்தரவு செய்தது இன்னொரு சொல்: மருந்து.

மலாயில் களைக்கொல்லி அடிப்பதை 'மெராச்சூன்' என்பார்கள். 'ராச்சூன்' என்றால் விஷம். வேலையின் பெயரிலேயே விஷம் இருக்கிறது. நம்மிடம் அது மருந்து. பூச்சி மருந்து, புல்லு மருந்து, எலி மருந்து. தமிழ்நாட்டு வயல்களிலும் இதே பேச்சுதான். உயிரைக் கொல்லும் பொருளுக்கும் உயிரைக் காக்கும் பொருளுக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். மருந்து என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. கசந்தாலும் எரிந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நோயாளி மருந்தைக் கேள்வி கேட்பதில்லை. தோல் உரிந்தபோது பாட்டி அதை நஞ்சின் வேலையாகப் பார்க்கவில்லை. மருந்தின் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தார்.

மலாயா ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்க நெடுங்காலம் பயன்பட்டது சோடியம் ஆர்சனைட். ஆர்சனிக் சேர்மம், அதாவது பாஷாணம். பிறகு பாராகுவாட் வந்தது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1955இல் அதன் களைக்கொல்லும் தன்மையைக் கண்டறிந்து, 1962இல் 'கிரமோக்சோன்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பச்சை இலையில் பட்ட சில மணி நேரத்தில் வாடவைக்கும். மண்ணில் பட்டால் மண்ணோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். மரத்தின் வேருக்குக் கெடுதலில்லை என்பதால் ரப்பருக்கும் செம்பனைக்கும் அவ்வளவு வசதி. ஆனால் மனித உடலுக்குள் போனால் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். முறிவு மருந்து கிடையாது. ஒரு வாய் போதும்.

பாராகுவாட்டின் வரலாற்றில் ஒரு பகுதியைத் தொழில்நுட்ப எழுத்தின் வரலாறாகவே படிக்கலாம். தொடக்கத்தில் அது கரும்பழுப்பு நிறத்தில், கோலா பானம்போல இருந்தது. பல நாடுகளில் மக்கள் அதைப் பெரிய கொள்கலனிலிருந்து குளிர்பானப் போத்தல்களில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பானம் என்று நினைத்துக் குடித்தவர்கள் இறந்தார்கள். கொள்கலனில் எச்சரிக்கை தெளிவாகத்தான் இருந்தது. போத்தலுக்கு அது போகவில்லை. பிறகு உற்பத்தியாளர்கள் திரவத்துக்குள்ளேயே எச்சரிக்கையை வைத்தார்கள். நீலச்சாயம், நாற்றம், வயிற்றுக்குள் போனால் வாந்தி வரவழைக்கும் ஒரு சேர்மம் மூன்றையும் கலந்தார்கள். எழுத்து போகாத இடத்துக்கு நிறத்தை அனுப்பினார்கள்.

முதுகில் கசியும் பம்புக்கு அதுவும் உதவாது. நீலம் என்றால் என்ன அர்த்தம் என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

*

தோட்டத்தில் ஓர் அறிவுரை இறங்கி வந்த பாதையை நினைத்துப் பாருங்கள். துரையின் மேசையில் அது ஆங்கிலம். கிராணியிடம் ஆங்கிலமாகவே வந்து, தமிழாக வெளியே போகும். தண்டலிடம் போகும்போது அது வாய்மொழி. பிரட்டுக்களத்தில் அது ஒரு சத்தம். 'ஏன்' என்பது ஒவ்வொரு படியிலும் உதிர்ந்து, கடைசியில் 'செய்' மட்டும் மிஞ்சும்.

இலங்கையில் தோட்டத் துரைமார்களுக்காகத் தமிழ்க் கையேடுகள் அச்சானது உண்டு. ஒன்றின் பெயரே 'இங்கே வா!' சின்னத் துரைகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் தமிழ் வழிகாட்டி. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கென்றே எழுதப்பட்டது. வரலாற்றாளர்கள் இவற்றை அதிகாரத்தின் மொழி என்பார்கள். நான் பொறியியல் படித்தவன், அதனால் வேறொன்றும் தெரிகிறது. ரப்பர் தோட்டம் என்ற பெரிய தொழில்நுட்ப அமைப்பில் தமிழுக்குக் கொடுத்த இடம் ஏவல்வினை மட்டுமே. விளக்கத்துக்கு ஆங்கிலம், ஆணைக்குத் தமிழ்.

அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. மலாயாவில் ரப்பர் வேரூன்றுவதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் ஒருவர் நேரெதிராகச் செய்துகொண்டிருந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன், மாசசூசெட்ஸில் 1822இல் பிறந்த அமெரிக்க மிஷன் மருத்துவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்குப் பயன்படுவதில்லை என்று உணர்ந்தார். 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். தமிழில் பாடநூல் இல்லை. ஆகவே தானும் மாணவர்களுமாக உடற்கூறு, அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம், வேதியியல் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்தார்கள். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும், 1884இல் இறக்கும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. தமிழர்களின் மருத்துவ ஊழியர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர்.

கிறீனைப் புகழ்வது எளிது. ஆனால் அவருடைய 1857ஆம் ஆண்டுப் புத்தகத்தின் பெயரைப் பாருங்கள்: 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. மூன்றாம் வகுப்புப் படித்த என் பாட்டி இதை எழுத்துக்கூட்டி முடிக்கவே ஒரு வெற்றிலை ஆகும். தமிழில் எழுதிவிட்டால் மட்டும் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. கிறீன் எழுதியது மருத்துவ மாணவர்களுக்கு. அவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவரிடம் நான் எடுத்துக்கொள்வது கலைச்சொற்களை அல்ல, வரிசையை. யார் படிக்கப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்தார், மொழியைப் பிறகு.

இதில் ஒரு சோகமான வேடிக்கையும் உண்டு. கிறீன் பயந்ததுதான் பின்னால் பெரிய அளவில் நடந்தது. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். ரயில் நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் தோட்ட அலுவலகங்களிலும் அமர்ந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, ஆபீஸில் கிராணியாக இருந்தவர்களில் அவர்களும் உண்டு. ஆங்கிலமும் தமிழும் ஒரே தலைக்குள் இருந்த மனிதர்கள். தோம்பின் காகிதத்துக்கும் என் பாட்டிக்கும் நடுவில் ஒரு மேசைதான் இருந்தது. அந்த மேசைக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள்.

*

கெடாவைப் பற்றி எழுதிக்கொண்டு ஐரின் பெர்னாண்டஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1946இல் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். ஆசிரியராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, தொழிலாளர் இயக்கங்களுக்கும் பெண்கள் இயக்கத்துக்கும் வந்தார். 'தெனாகானீத்தா' அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர்.

அந்த அமைப்பு ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றியது. விஷமேற்றப்பட்டும் வாயடைக்கப்பட்டும் இருப்பவர்கள் என்பது தலைப்பின் பொருள். மூக்கில் ரத்தம், கண்ணில் நீர், தோல் புண், கழன்று விழும் நகம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பாட்டி கட்டிலில் உட்கார்ந்து சொன்ன 'சூடு' அங்கே அறிக்கையாக இருந்தது. அதே ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்ய முடிவெடுத்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது.

ஐரினின் இன்னோர் அறிக்கை இன்னும் பிரபலம். 1995இல், 300க்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வாக்குமூலங்களைக் கொண்டு, தடுப்பு முகாம்களின் நிலையை எழுதினார். பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996இல் அவர்மீது வழக்கு. 2003இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் 2008இல்தான் விடுதலை. பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஓர் அறிக்கைக்கு வந்த ஆகப்பெரிய ஆபத்து மதிப்பெண் குறைவது. 'யார்?' என்ற கேள்விக்குப் பதில் எழுதினால் எழுதியவருக்கு என்ன நேரும் என்பதைப் புவான் வகுப்பில் சொல்லவில்லை. ஐரினின் வாழ்க்கையிலிருந்து தெரிந்துகொண்டேன். அவர் 2014இல் காலமானார்.

*

படிப்பு முடிந்து குலிமில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். குலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது. அதன் வாசலில் காலை ஷிப்ட் மாறும்போது நின்றால் நேப்பாளியும் வங்காளமும் பர்மிய மொழியும் கேட்கும். ஒரு காலத்தில் தோட்டத்துக்கு நம்மைக் கொண்டுவந்ததுபோல, இப்போது அவர்களைக் கொண்டுவருகிறார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் இந்த முறை நான். இதை உணர எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

கருவிகளைத் துடைக்கும் ஒரு கரைப்பானைக் கையாள்வதற்கு நான்தான் வேலைக் குறிப்பு எழுதினேன். பதினொரு பக்கம், ஆங்கிலத்திலும் மலாயிலும். ரசாயனப் பொருள்களின் லேபல் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் விதிமுறை சொல்கிறது. அதைச் சரியாகச் செய்திருந்தேன். ஐக்கிய நாடுகள் வகுத்த அபாயக் குறிகளையும் போட்டிருந்தேன். தணிக்கைக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள்.

ஒரு நாள் இரவு ஷிப்டில் ஒருவர் பெரிய கேனிலிருந்து கரைப்பானை வெறும் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார். அடுத்து வந்தவர் நேப்பாளத் தொழிலாளி, தண்ணீர் என்று நினைத்து முகக்கவசத்தைக் கழுவப் போனார். கண்ணில் தெறித்தது. உடனே கண்கழுவும் குழாயில் பிடித்து நிறுத்தியதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பினார்.

விசாரணை அறிக்கையும் நான்தான் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி: நடைமுறை பின்பற்றப்படவில்லை.

மேலே அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த வரி திரும்ப வந்து நின்றது. பின்பற்றப்படவில்லை. யாரால்? புவானின் கேள்விக்கு அந்தத் தொழிலாளி என்று பதில் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் இன்னும் சில 'யார்' இருந்தன. போத்தலுக்கு லேபல் வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் போட்டு வைத்தது யார்? மலாயைக் காதால் மட்டுமே பிடித்துக்கொண்ட மனிதருக்குப் பதினொரு பக்க மலாயைக் கொடுத்துப் புரிந்தது என்று கையெழுத்து வாங்கியது யார்? தோம்பு ஸ்டோரில், ஆள் காட்டில். பாட்டி சொன்னதை அச்சுப்பிசகாமல் நானே செய்து வைத்திருந்தேன், அதுவும் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகு.

மறுநாள் அறிக்கையைத் திரும்ப வாங்கி அந்த வரியை மாற்றினேன். நான் எழுதிய குறிப்பு, வேலை செய்பவர்கள் படிக்கும் மொழியில் இல்லை. அவர்களுக்குப் புரிகிறதா என்று நான் சோதிக்கவில்லை. இவ்வளவுதான். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இப்படி எழுதினால் உன் பெயருக்குத்தானே கெடுதல் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். இரண்டு வாக்கியமும் உண்மைதானே என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஐரினோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கப் பயந்தவனுக்கு, அந்த 'நான்' எழுத ஆறு வருடம் ஆனது.

பதினொரு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கினேன். பிறகு, கண்ணில் தெறித்துப் பிழைத்தவரிடமே போய் உட்கார்ந்தேன். எங்களுக்குள் ஓடியது பாதி மலாய், பாதி சைகை. புல்லுக்கு அடிப்பதை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் மலைக்கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை.

"ஔஷதி," என்றார்.

ஔஷதம். அங்கும் மருந்துதான். நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். பாட்டியின் முதுகையும் நகத்தையும் இளநீரையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் அப்பாவும் அப்படித்தான் அடிப்பார், வெறுங்கையோடு, என்று சொன்னார்.

இந்த லேபலில் ஔஷதி என்று வரவே கூடாது என்று அவரே தீர்மானித்தார். பேனாவை வாங்கி எதையோ எழுதினார், அடித்தார், மறுபடியும் எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன். இரண்டாவது வார்த்தை 'பிஷ்' என்று காதில் விழுந்தது. விஷம்.

அந்தப் போத்தல்களில் இப்போது நேப்பாளியில் இரண்டு வரி ஒட்டியிருக்கிறது. அதை எழுதியவர் அவர்.